பிரெஞ்சுக்காரர் மூடிய கிணறு

போன மாதம் பரமக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். காலை பத்து மணி இருக்கும். நான் அடுப்படியில் தோசைக்கரண்டியோடு நிற்கிறேன். லாரியின் உறுமல், கம்ப்ரசரின் இரைச்சல், அவற்றுக்கெல்லாம் அடியில் மண்ணுக்குள் இறங்கும் கம்பியின் ஓசை: தொம், தொம், தொம். ஈர மண் அப்படித்தான் பேசும், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. அதைக் கேட்டுக்கொண்டே மாவை ஊற்றினேன். ஓசை மாறியது. ணங்.

அடுத்த நொடி தெருவில் இருந்தேன். பனியனும் கைலியும், கையில் கரண்டி. "நிறுத்து, நிறுத்து! ராடைத் தூக்கு!"

இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னண்ணே, கீழ கரண்டு வயர் போகுதா?" என்றார் லாரிக்காரர்.

"அதெல்லாம் இல்லப்பா. சார் தண்ணி ஆபீசுல இருந்தவரு. கெணறுன்னா ஒரு மாதிரி ஆயிருவாரு," என்றார் வீட்டுக்காரர். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "சார், உங்க தோசை கருகுது," என்றார்.

திரும்பி வந்தேன். பரமக்குடியில் அந்தத் தெருவுக்கு அடியில் உடையக்கூடாத எதுவும் கிடையாது. வெறும் பாறை, எல்லாக் கிணற்றிலும் தட்டுப்படுவது. உடையக்கூடாத ஒன்று பதினான்கு வருடத்துக்கு முன்பே வேறோர் ஊரில் உடைந்துவிட்டது. உடைத்தது நான்.

நிலத்தடி நீர்ப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், பணி அனுபவம் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டு மூன்று மாதமாகிறது. ஓய்வுபெற்றவர் என்றதும் நரைத்த தலையும் நிறைந்த மனதுமாக ஒருவரை நினைத்திருப்பீர்கள். எனக்கு ஐம்பத்திரண்டுதான். விருப்ப ஓய்வில் வந்தவன். நிறைவைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கே துளை போட வேண்டும், எப்படி அளக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களில் இருக்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் நான் எழுதுகிறேன், நிறுத்தாதவன் என்ற தகுதியில்.

முதலில் பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஆசான் என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான். நான் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே போய்ச் சேர்ந்தவர்.

ராமநாதபுரத்தில் எங்கள் அலுவலகத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில் ஓர் இரும்பு அலமாரி நின்றது. அதற்குள் பழைய வரைபடங்களுக்கு நடுவே ஒரு நாட்குறிப்பின் தட்டச்சுப் பிரதி. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு யாரோ பொறுமைசாலி பெயர்த்தது. முதல் தாளைக் கரையான் தின்றிருந்தது. பெயர் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை, அதன் வழியே அடுத்த பக்கத்து வரைபடத்தின் கடல் தெரிந்தது. அதனால் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் வெறும் பிரெஞ்சுக்காரர்.

பாரிசில் சுரங்கப் படிப்பு படித்தவர். பொறியாளர், பாறை ஆராய்ச்சியாளர். அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே ஆள்தான். பாண்டிச்சேரியில் கிணறு தோண்ட அனுப்பப்பட்டவர், வேலை முடிந்ததும் ஊர் திரும்பவில்லை. ஒரு மாட்டுவண்டி, இரண்டு ஆட்கள், ஒரு சுத்தியல். கடலோரமாகவே தெற்கே நடந்து வந்திருக்கிறார். ராமேசுவரத் தீவில், அலை தொடாத உயரத்தில் செத்து நிற்கும் பவளக் கல்லைத் தட்டிப் பார்த்து, கடல் ஒரு காலத்தில் இங்கே நின்றிருக்கிறது, பிறகு பின்வாங்கியிருக்கிறது என்று கண்டுகொண்டார். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை. மகிழ்ச்சியில். காய்ச்சலைத் திட்டுகிறார், கொசுவைத் திட்டுகிறார், பதநீரைப் புகழ்கிறார். எந்தக் கல்லையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் விடமாட்டார். கடைசிப் பக்கத்தில் கயிறு வேண்டும் என்று ஒரு வரி. அதோடு நின்றுவிடுகிறது. எங்கே செத்தார், யார் புதைத்தார்கள், தெரியாது.

அந்தப் பிரதியை நான் காதலித்தேன் என்றே சொல்லலாம். ஆனால் எனக்குப் பிடித்ததை மட்டும் காதலித்தேன். தண்ணீர் கிடைத்த கிணறுகள், வரைபடம், பவளக் கல் பற்றிய பக்கங்கள் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துக்கொண்டேன். பின்பகுதியில் 'கைவிட்ட கிணறுகள்' என்ற தலைப்பில் பதினோரு பக்கங்கள். தண்ணீர் கிடைக்காத கிணற்றைப் பற்றி எனக்கென்ன? அவற்றை விட்டுவிட்டேன். நகல் இயந்திரத்தில் அன்றைக்கு மை குறைவு. இப்போது யோசித்தால், என் உத்தியோகமே அந்தப் பதினோரு பக்கத்தில்தான் இருந்தது.

சாயல்குடியிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் சாலையின் கடைசியில் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். பனை, உடை மரம், மணல்மேடு, பள்ளிவாசலின் பச்சை மினார். ஊரைச் சுற்றிக் கிணறெல்லாம் உப்பு. ஆனால் மணல்மேட்டின் அடிவாரத்தில் கையால் தோண்டிய ஏழெட்டுக் குழிகள். ஊத்து என்பார்கள். அதில் மட்டும் நல்ல தண்ணீர். மணலில் விழுந்த மழை கீழே இறங்கி, கடல் தண்ணீரோடு கலக்காமல், அங்கே ரகசியமாகத் தங்கியிருந்தது. ஊரே அதைத்தான் குடித்தது.

முதல் நாள் மாதிரி எடுக்கப் போனபோது ஊத்தைச் சுற்றி நான்கைந்து பெண்கள் குத்தவைத்திருந்தார்கள். நீளக் காம்பு வைத்த சிரட்டை அகப்பையால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குடத்தில் விடுகிறார்கள். ஒருத்தியின் குடம் நிறைந்ததும் எழுந்துவிட வேண்டும். தண்ணீர் தெளிந்து ஊறும்வரை அடுத்தவள் காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் ஊர்க்கதை. நான் குனிந்து என் பாட்டிலை நேராகக் குழிக்குள் முக்கினேன். மணிக்கட்டில் சுளீரென்று அகப்பை விழுந்தது.

"யாரு சார் நீங்க? அது என்ன கொளமா, முக்கி எடுக்கறதுக்கு?"

அடித்தவர் சகர்பான். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். ஊரில் எல்லாருக்கும் அவர் சகர்பான் ராத்தா, அதாவது அக்கா. ஊத்துக்குக் காவல் என்று யாரும் அவரை வைக்கவில்லை. அவரே வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒரு பாட்டில்தானே?" என்றேன்.

"ஒரு பாட்டில்தான். நாளைக்கு ஒரு வாளிதான்னு வருவீக. அடுத்து ஒரு மோட்டார்தான்."

பெண்கள் சிரித்தார்கள். சகர்பான் சிரிக்கவில்லை.

"முக்குனா அடித்தண்ணி கலங்கி மேல வந்துரும் சார். எங்க உம்மா காலத்துல ஒருத்தி அவசரத்துல குடத்தைப் போட்டு முக்கிட்டா. மூணு நாளு ஊரே சவர்த் தண்ணி குடிச்சிச்சு. சாகுற வரைக்கும் அவ பேரு போயிருச்சு, 'முக்குனவ'ன்னுதான் கூப்புடுறது. மவுத்தானப்பக் கூட, முக்குனவ மவுத்தாயிட்டான்னுதான் சொன்னாக."

என் பாட்டிலை வாங்கி, தன் அகப்பையால் அள்ளி நிரப்பிக் கொடுத்தார். குடித்துப் பார்த்தேன். இளநீரின் தங்கை போலிருந்தது. நோட்டுப் புத்தகத்தில் நல்ல நீர் என்று எழுதினேன். அகப்பையைப் பற்றி எழுதவில்லை. அகப்பையை எந்தப் படிவத்தில் எழுதுவது?

அந்த ஊருக்கு மேல்நிலைத் தொட்டி ஒன்று கட்டியாகிவிட்டது. மோட்டார் வந்துவிட்டது. மூன்றாம் நாள் திறப்பு விழா. தண்ணீர் மட்டும்தான் பாக்கி. அதைக் காட்டுவது என் வேலை.

துளை போட வந்தவர் செங்கோடன், திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். மணலில் இருபதடி இறங்கியதும் நல்ல தண்ணீர் வந்தது. ஆனால் மெல்ல. மோட்டாரைப் போட்டால் பத்து நிமிடத்தில் வறண்டு, பிறகு ஊற ஒரு மணி நேரமாகிறது. அகப்பைக்கு ஏற்ற தண்ணீர் அது, மோட்டாருக்கு ஏற்றதல்ல. இதை அன்றைக்கே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். தொட்டி வேண்டாம், ஊத்துக்களைக் கல் கட்டிக் காப்பாற்றினால் போதும் என்று ஒரு தாள் எழுதியிருந்தால் முடிந்திருக்கும்.

பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் வண்டியிலிருந்து இறங்கின. மைக்கில் ஒருவர் "ஹலோ, ஹலோ" என்று கடலை அழைத்துக்கொண்டிருந்தார். மேலதிகாரி நான்கு முறை போன் செய்துவிட்டார். நாலாவது முறை, "தண்ணி இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க," என்றார். "இருக்கு சார்," என்றேன்.

"இன்னும் ரெண்டு அடி போங்க," என்று செங்கோடனிடம் சொன்னேன்.

கம்பி இறங்கியது. தொம், தொம். பிறகு, ணங்.

செங்கோடன் தானாகவே நிறுத்திவிட்டார். "சத்தம் மாறுதுங்க சார்."

"பாறையா?"

"பாறை இல்லீங்க. ஏடு மாதிரி இருக்குதுங்க. தட்டுனா அதுக்குக் கீழ வெத்தா இருக்கற மாதிரி கேக்குது. வேண்டாமுங்க சார், இதோட வெச்சுக்கலாம்."

அந்த ஏடு என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டும். சிப்பியும் பவளத் தூளும் மணலும் இறுகிய சுண்ணாம்புத் தகடு. முழங்கை நீளக் கனம்கூட இராது. அதற்குக் கீழே கடல். மேலே மழை. நல்ல தண்ணீரைத் தாங்கி நிற்கும் சட்டியின் அடிப்பாகம் அது. பவளக் கல்லைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர் எழுதியதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவன் நான். ஆனால் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்த மூளைக்கு அது எட்டவில்லை. இதற்குக் கீழே இன்னும் நிறையத் தண்ணீர் இருக்கலாம் என்று தோன்றியது. இருந்தது, நிறையவே.

"போங்க," என்றேன்.

மூன்றே குத்து விழுந்திருக்கும். கம்பி சடக்கென்று தானாகக் கீழே இறங்கியது. துளையிலிருந்து தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீச்சியது. பந்தல்காரர்கள் கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். மோட்டாரை இறக்கினோம், ஒரு மணி நேரம் ஓடியும் வற்றவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்தான், ஆனால் ஓரத்தில் ஏதோ ஒன்று, சாப்பாட்டில் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. மீட்டரில் பார்த்தேன். அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது.

சகர்பான் கையில் பிடித்துக் குடித்தார். துப்பவில்லை. விழுங்கிவிட்டு, கையில் மிச்சமிருந்ததை மணலில் உதறினார்.

"இது எங்க தண்ணி இல்ல சார்," என்றார்.

"மீட்டர் நல்லாத்தாம்மா காட்டுது."

"மீட்டரு இந்த ஊருல எத்தன வருசமாக் குடிக்குது?"

அவர் போன பிறகு செங்கோடன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், அடியில உப்புக் கண்ணு தொறந்துருச்சுங்க. இப்பவே களிமண்ணு இடிச்சு அடைச்சம்னா சரியாப் போயிருமுங்க. நாலு மணி நேர வேலை. எனக்குக் காசு வேண்டாமுங்க." நான் பந்தலைப் பார்த்தேன். அதில் அப்போதுதான் சீரியல் விளக்கு எரியவிட்டுப் பார்த்தார்கள். பகல் வெளிச்சத்தில் அது எரிவதே தெரியவில்லை.

"விழா முடியட்டும், பாத்துக்கலாம்," என்றேன்.

விழா முடிந்தது. நான் பார்த்துக்கொள்ளவில்லை.

நாற்பது நாள் கழித்து ஒரு மதியம் சகர்பான் ராமநாதபுரம் அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். மஞ்சள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் மேசையில் வைத்தார். நான் மீட்டரைத் தேடினேன்.

"மீட்டர் வேணாம் சார். நாக்கு இருக்குல்ல?"

குடித்தேன். கண்ணீர் மாதிரி இருந்தது. உவமைக்குச் சொல்லவில்லை, அந்த அளவு உப்பு.

"தொட்டியில மட்டுமில்ல சார், எல்லா ஊத்தும் இப்படி ஆயிருச்சு. ஊருக்குள்ள ஒரே சண்டை. யாரோ முக்கிட்டாக, யாரோ முக்கிட்டாகன்னு." அவர் குரலைத் தாழ்த்தினார். "என் மருமவ ரகுமத்து, கடலாடிப் பக்கத்துப் புள்ள சார். பெரிய கெணத்துத் தண்ணியில வளந்தவ. போன மாசம் வெவரம் தெரியாம ஒருநா வாளியைப் போட்டு முக்கிட்டா. நாலு பேரு பாத்துட்டாளுக. இப்ப எல்லாரும் அவளத்தான் கையக் காட்டுறாக. நீங்க படிச்சவுக. நீங்க சொல்லுங்க. அதுனாலதான் இப்படி ஆச்சா?"

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். என் பணிக்காலத்தில் நான் எடுத்த முடிவுகளிலேயே பெரியது துளை போட்டதல்ல. இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதுதான். அதற்கு எனக்குக் கிடைத்த நேரம், மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றும் நேரம்.

"காரணம் பலது உண்டும்மா. மழை கொறஞ்சிருச்சு. கடல் உள்ள ஏறி வருது."

"பலது உண்டுன்னா, அவ முக்குனதும் ஒண்ணா?"

"இருக்கலாம்," என்றேன்.

நம் தொழிலில் தினமும் நூறு முறை சொல்கிற சொல் அது. பாறை இருக்கலாம், தண்ணீர் இருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையான சொல். தெரிந்ததை மறைக்க நான் அதைப் பயன்படுத்தினேன். சகர்பான் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அப்படியா சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அலமாரியைத் திறந்தேன். 'கைவிட்ட கிணறுகள்'. பதினோரு பக்கத்தையும் நின்றபடியே படித்தேன்.

பிரெஞ்சுக்காரரும் அதே கடலோரத்தில் அதே ஏட்டை உடைத்திருக்கிறார். கடப்பாரையால். கேட்டவுடன் ஓசையின் மாற்றம் புரிந்தது, இருந்தும் ஆவலில் இன்னொரு குத்துக் குத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். ஊர்ப் பெண்கள் அவர்மேல் மணலை வாரி இறைத்திருக்கிறார்கள். அன்று பொழுது சாயும் முன்பே களிமண்ணையும் சுண்ணாம்பையும் பிசைந்து, கயிற்றில் கட்டி இறக்கி இறக்கி, துளையை அடைத்துவிட்டார். அதோடு போகவில்லை. ஊத்து மறுபடி தெளியும்வரை மூன்று வாரம் அங்கேயே கூடாரம் போட்டிருந்தார். யாரும் அவரோடு பேசவில்லை. பிறகு அந்தக் கிணறு எங்கே, எத்தனை முழத்தில் ஏடு, யார் உடைத்தது, எவர் தண்ணீர் கெட்டது என்று ஒன்றுவிடாமல் எழுதி, பின்னால் வருகிறவர்கள் இங்கே தோண்டாதிருக்க வரைபடத்தில் சிலுவை சிலுவையாகக் குறித்திருக்கிறார். என் நகலில் அந்தச் சிலுவைகள் இருந்தன. கல்லறைகள் என்று நினைத்திருந்தேன். அந்தக் கடைசிக் கயிறு எதற்கென்றும் அன்றுதான் புரிந்தது. இன்னும் மூட வேண்டிய கிணறுகள் அவருக்குப் பாக்கி இருந்தன.

இதையெல்லாம் படித்த பிறகுதான் என் அறிக்கையை எழுதினேன். படிக்காமல் எழுதியிருந்தால் முட்டாள் என்று என்னை மன்னித்துக்கொண்டிருப்பேன். மழைக்குறைவு முதலிய இயற்கைக் காரணங்களால் உப்புத்தன்மை கூடியிருக்கலாம். ஒரே வரி. அதில் சுண்ணாம்பு ஏடு இல்லை, செங்கோடன் இல்லை, நான் இல்லை. மேலதிகாரி படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க," என்றார்.

ஏழு வருடம் அந்த வரி கோப்புக்குள் சமர்த்தாக இருந்தது. பிறகு ஒரு மதியம் என்னைவிட இளைய பெண் ஊழியர் ஒருவர் போன் செய்தார். உங்களில் சிலருக்கு அவரைத் தெரியும், அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். பக்கத்து ஊரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், ஏதோ தகடு மாதிரி உடைஞ்சு ராடு உள்ள போயிருச்சு. தண்ணி கரிக்குது. உங்க ரிப்போர்ட்டைப் பாத்துட்டுத்தான் வந்தேன். அதுல இப்படி எதுவுமே இல்லையே சார்?"

பின்னால் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"மூடும்மா," என்றேன். "களிமண்ணும் சுண்ணாம்பும் பிசைஞ்சு இப்பவே மூடு. யாரு என்ன சொன்னாலும் கேக்காத."

மூடினார். பொழுது சாய்வதற்குள். 'ஏட்டை உடைத்தது நான்' என்று அன்றைக்கே தன் கையால் அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினார். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இரண்டு மழை கழித்து அந்த ஊரின் ஊத்துகள் தெளிந்தன. அந்தப் பிரெஞ்சுக்காரரை அவர் படித்ததில்லை. படித்தவன் நான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. என் பழைய அறிக்கை பொய் என்று அலுவலகத்துக்கு எழுதினேன். அவருடைய மெமோ திரும்பப் பெறப்பட்டு எனக்கு ஒன்று வந்தது. சாயல்குடிப் பக்கத்தில் நான் போட்ட துளையையும் ஆளனுப்பி மூடினார்கள். காலம் கடந்துவிட்டிருந்தது. சில வருடத்தில் நான் விருப்ப ஓய்வு கேட்டேன், கொடுத்தார்கள்.

ஆனால் அந்த ஊருக்கு மட்டும் போகவில்லை. அலுவலகத்துக்கு எழுதிவிடலாம், தாள் முறைத்துப் பார்க்காது. அகப்பையைக் கையில் வைத்திருந்த அந்த முகத்துக்கு முன்னால் போய் நிற்க எனக்குப் பதினான்கு வருடமும், பின்தெருவில் ஒரு ணங் என்ற ஓசையும் தேவைப்பட்டன. தோசை கருகிய மறுநாள் பஸ் ஏறினேன்.

தொட்டி நிற்கிறது, தூணில் திறப்பு விழாப் பெயர்ப்பலகையோடு. காக்கைகள் அதன்மேல் உட்கார்ந்திருந்தன. வேன் தண்ணீருக்காகத் தெருமுனையில் பச்சை, நீலம், ஆரஞ்சு என்று குடங்கள் வரிசையில் நின்றன. சகர்பான் தன் வீட்டு வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அரிவாள்மனையிலிருந்து கையை எடுக்காமலே, "மீட்டர் சாரா? மெலிஞ்சு போயிட்டீகளே," என்றார்.

"மருமகள் எப்படி இருக்காங்க?"

கை நின்றது.

"அவ இங்கன இல்ல தம்பி. அப்பவே போயிட்டா. ஊத்துல அவளை யாரும் உக்கார விடல. புள்ளைக்குப் பால் கரைக்கக் கூட ஒருத்தியும் தண்ணி குடுக்கல. முக்குனவ, முக்குனவன்னு..." மீனைப் புரட்டிப் போட்டார். "நானும்தான் சொன்னேன். நீங்களே இருக்கலாம்னு சொன்னதுக்கப்பறம் நான் எப்படி அவ பக்கம் பேச? என் மவன் அவளக் கூட்டிக்கிட்டுக் கடலாடிக்கே போயிட்டான். நோம்புக்கு மட்டும் அவன் வாரான். அவ வாசப்படி மிதிக்கல. பேத்தி பத்தாவது படிக்கிறாளாம். போட்டோவுலதான் பாத்துருக்கேன்."

என் அறிக்கையில் இடம்பெறாத இன்னொரு சேதம் அது. உப்பைக் காட்டும் எந்த மீட்டரும் அதைக் காட்டியிருக்காது.

மீன் செதில் பறந்துகொண்டிருந்த அந்த வாசலில் நின்றபடியே சொன்னேன். கீழே ஏடு ஒன்று இருந்ததை, செங்கோடன் தடுத்ததை, நான் போகச் சொன்னதை, அடைத்துவிடலாம் என்று அவர் கேட்டதை, விழாவை. "உங்க மருமகள் வாளி முக்கினதுக்கு மூணு நாள் கலங்கித் தெளிஞ்சிருக்கும். அவ்வளவுதான். இது நான் செஞ்சது. அன்னைக்கு நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அரிவாள்மனையை மடக்கினார். குடத்திலிருந்து ஒரு சொம்பு எடுத்து, கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார், வேன் தண்ணீரை அப்படிச் செலவழிக்கிறவர் அல்ல அவர். உள்ளே போய், ஏதோ பழைய நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார்.

"எழுதுங்க."

"நான் நேரா வந்து அவங்ககிட்டச் சொல்றேன். இப்பவே கடலாடிக்குப் போறேன்."

"நீங்க சொல்லி என்னத்துக்கு? நான்ல சொல்லணும். அவள வெரட்டுனவ நான். வெறுங்கையோட போனா நம்ப மாட்டா. எழுதுங்க."

படியில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து எழுதினேன். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ அறிக்கைகள், இணைப்புகள், வரைபடங்கள். இது நான்கு வரி. இன்ன ஊரில், இத்தனை அடியில், சுண்ணாம்பு ஏட்டை உடைத்தது நான். ஊத்து கெட்டது அதனால். ரகுமத் முக்கியதால் அல்ல. அன்றே எனக்கு இது தெரியும். கீழே பெயர், அன்றிருந்த பதவி, கையெழுத்து.

"படிங்க."

படித்தேன்.

"இன்னொருக்கப் படிங்க."

படித்தேன். ரகுமத் என்ற பெயர் வந்த இடத்தில் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தாளை வாங்கி, எழுத்து வெளியே தெரியாமல் நான்காக மடித்து, இடுப்பில் செருகினார். மீனை மூடி வைத்துவிட்டு வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு என்னோடு சாலைவரைக்கும் வந்தார். சாயல்குடி வழியாகக் கடலாடி போகும் பஸ் முதலில் வந்தது. ஏறிப் படியில் நின்றபடி திரும்பினார்.

"ஏன் தம்பி," என்றார், "இதுக்கா பதினாலு வருசம்? ஒரு தாளுதானே?"